முள் நின்ற இடம்

அரைக்கிலோ தக்காளி வாங்குகிறவர்கூட, கடைக்காரரின் தராசு முள் சரியாக நிற்கிறதா என்று முதலில் ஒரு பார்வை பார்ப்பார். அதே ஆள் ஜிம்முக்கு வந்து தன்னைத்தானே நிறுக்கும்போது பார்க்க மாட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவார், வயிற்றைத் தாண்டி எட்டிப் பார்ப்பார், முகம் தொங்கிப்போகும். ஏறுவதற்கு முன் முள் எங்கே நின்றது என்று என் இருபத்திரண்டு வருட வேலையில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் நெடுந்தூரம் ஓடியவன். அறுபத்தெட்டு கிலோ. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். அதனால் நான் எடை பார்த்துக்கொள்வதில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பது? இந்தச் சட்டை இறுக்கமாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். சலவைக்காரர் எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடுகிறார். சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் ஜிம்மில் இருப்பது பழைய காலத்து முள் வைத்த எடைக் கருவி. பின்பக்கம் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் முள் நகரும். அதை எப்போதும் இரண்டு கிலோ கூட்டியே வைத்திருப்பேன். இது ஏமாற்று வேலை அல்ல. ஒரு கிலோ குறைந்துவிட்டது என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கொண்டாடுவார்கள். நேராகப் போய்க் கேக் வாங்குவார்கள். அவர்களுக்கு நல்ல செய்தி சொல்வது குழந்தை கையில் கத்தரிக்கோல் கொடுப்பது மாதிரி. இரண்டு கிலோ கெட்ட செய்தியால் எத்தனையோ பேரை மெலிய வைத்திருக்கிறேன். யாரும் வந்து நன்றி சொன்னதில்லை.

போன வருடம் முதலாளி ஒரு பெண்ணைப் பயிற்சியாளராகச் சேர்த்தார். அவளுக்கு எல்லாவற்றிலும் பாதிப் பாதி. ஓட்டம் பாதி, எடை தூக்குவது பாதி. "ஓட்டம் மாதிரி கார்டியோ மட்டும் பண்ணா கொழுப்போட சேர்ந்து சதையும் போயிடும் மாஸ்டர். ரெண்டும் வேணும். வயிறு நிறையச் சாப்பிடவும் வேணும்" என்று என்னிடமே பாடம் எடுத்தாள். மெலிய வருகிறவனிடம் சாப்பிடச் சொல்கிற அறிவாளியை அன்றுதான் பார்த்தேன். அவள் கருவியைத் தொடவே மாட்டாள். கழுத்தில் தையல்காரர் மாதிரி ஒரு இஞ்சு டேப். இடுப்பை அளப்பாள், புஜத்தை அளப்பாள், சிரித்துக்கொண்டே நோட்டில் குறிப்பாள். ஜனங்களுக்கு அவளைப் பிடித்திருந்தது. சாப்பிடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

பஸ் டிரைவர் அப்போதுதான் வந்தார். நூற்று இரண்டு கிலோ. அவருடைய டிப்போவில் வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை. மூன்று மாதத்தில் தொண்ணூறுக்குக் கீழே வராவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி டயர் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். "பதினெட்டு வருஷமா ஸ்டியரிங் பிடிச்ச கை மாஸ்டர். கிடங்குல உக்காந்து டயர் எண்ணச் சொன்னா செத்துடுவேன்" என்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. யாரைப் பார்த்தாலும் நம்பிவிடுகிற முகம்.

முதலாளி அவரை எங்கள் இரண்டு பேரிடமும் ஒப்படைத்தார். வாரத்தில் மூன்று நாள் அவளிடம் எடை தூக்குவது, மூன்று நாள் என்னிடம் ட்ரெட்மில். திங்கட்கிழமை காலை எடை பார்ப்பது என் பொறுப்பு.

ஐந்து வாரம் இப்படிப் போனது. உள்ளதைச் சொல்கிறேன், அவர் நன்றாகத்தான் இருந்தார். முகம் தெளிந்தது. படியேறும்போது இரைப்பு இல்லை. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, பரீட்சை மார்க் காட்டுகிற பையன் மாதிரி எல்லோரிடமும் காட்டினார். "தங்கச்சி புண்ணியம்" என்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ட்ரெட்மில்லைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மூன்று நாள் நானும்தான் அந்த உடம்போடு மாரடித்தேன். என் பெயரை அவர் எடுக்கவில்லை.

அந்த வாரம் அவர் உண்மையில் தொண்ணூற்றேழு. திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். முள் நூற்று மூன்று காட்டியது. இவ்வளவு திருப்பினால் ஆள் ஏறாதபோதும் முள் பூஜ்யத்தைத் தாண்டி நிற்கும் அல்லவா, அதனால் என் துண்டை அதன் முகத்தில் போட்டு வைத்திருந்தேன். அவர் ஏறிய பிறகு எடுத்தேன். துண்டு எதற்கு என்று கேட்கக்கூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"ஏறியிருக்கு மாஸ்டர்! பெல்ட் லூசாகுது, எடை எப்படி ஏறும்?"

"டிப்போவுல டாக்டர் பெல்ட்டையா அளப்பாரு?" என்றேன்.

அது போதுமானதாக இருந்தது. எடை தூக்கினால் எடை ஏறும் என்று விளக்கினேன். வேறு கருவியில் பார்க்க வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி காட்டும், குழப்பம்தான் மிஞ்சும் என்றும் சொன்னேன். இது எந்தப் பயிற்சியாளரும் சொல்கிற அறிவுரைதான். அன்றோடு அவர் அவளிடம் போவதை நிறுத்திவிட்டார். காலையில் என்னிடம், வண்டி விட்டு வந்ததும் மறுபடி என்னிடம். அடுத்த திங்கட்கிழமை முள்ளை இரண்டு கிலோ இறங்க விட்டேன். "நீங்க சொன்னதுதான் மாஸ்டர் சரி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை. துடைத்துக்கொண்டேன்.

அவர் எடை பார்த்துப் போனதும் திருகைப் பழையபடி வைத்துவிடுவேன். மற்றவர்களுக்கு அந்த இரண்டு கிலோவே போதும்.

ஒன்பதாவது வாரம் டிரைவரின் மனைவி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இயந்திரங்களுக்கு நடுவே கூச்சத்தோடு நின்றார்.

"அண்ணா, ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுட்டாரு. ஒரு வெள்ளரிக்காயைக் கடிச்சுட்டுப் படுக்கிறாரு. குளிச்சுட்டு வரும்போது சுவரைப் பிடிச்சுட்டு வராரு. நான் சொன்னா எரிஞ்சு விழறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"சொல்றேம்மா, கவலைப்படாதீங்க" என்றேன்.

சொன்னேன். சாயங்கால ஓட்டத்தை அரைமணி நேரம் கூட்டச் சொன்னேன்.

அதே வாரம் அந்தப் பெண்ணும் மூக்கை நுழைத்தாள். டிரைவரின் புஜத்தை டேப்பால் அளந்துவிட்டு என்னிடம் வந்தாள். "மாஸ்டர், இவர் கையில சதையே இல்ல. பஸ் ஓட்டுற மனுஷன். வாரத்துல ரெண்டு நாளாவது எடை தூக்கட்டும், ஒழுங்கா சாப்பிடட்டும். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்." டிரைவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனம் அவள் பக்கம் சாய்வது எனக்குத் தெரிந்தது. அன்று அவர் எண்பத்தாறு. டிப்போ கேட்டதற்கும் நான்கு கிலோ கீழே. உண்மை தெரிந்தால் ஓட்டத்தை விட்டுவிடுவார், அவளிடம் போவார், சாப்பிடுவார், கடைசியில் பேர் அவளுக்குப் போகும். பாதிப் பாதி ஜெயித்துவிட்டது என்று சுவரில் படம் மாட்டுவார்கள். அந்தத் திங்கட்கிழமை முள் தொண்ணூற்றைந்து காட்டியது.

"இன்னும் அஞ்சு கிலோவா?" என்று அப்படியே கருவிமேல் நின்றார். கண் கலங்கியிருந்தது. பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, மறைப்பானேன்.

பதினோராவது வாரத் திங்கட்கிழமையும் எடை பார்த்தோம். முள் தொண்ணூற்று மூன்று. அன்று எதுவும் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். மத்தியானம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார் என்கிறீர்கள். கீழே நிறுத்தத்தில் நின்றவர்களில் மூன்று பேர் சாவு. ஒருத்தி பள்ளிக்கூடப் பெண் என்றும் சொன்னீர்கள். திரும்பச் சொல்ல வேண்டாம், முதல் தடவையே கேட்டுக்கொண்டேன். ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது. நான் அந்த பஸ்ஸில் ஏறியதுகூட இல்லை.

அன்று காலை முதலாளி கூப்பிட்டதால் திருகை அப்படியே விட்டுப் போனேன், அப்புறம் செய்தி வந்த பரபரப்பில் திருப்பி வைக்க மறந்தேன். என் தவறு அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் அவர் எண்பத்து மூன்று என்று நிறுத்ததும் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. மறுநாள் உங்களை நிற்க வைத்துக்கொண்டு, என் துண்டை எடுத்து வீசினாள். ஒரு இரும்புத் தட்டைக் கொண்டுவந்து கருவிமேல் வைத்தாள். இருபது கிலோ என்று தட்டிலேயே எழுதியிருந்தது. முள் முப்பதில் போய் நின்றது. ஜிம் முழுக்க எடை எழுதிய இரும்பு கிடக்கிறது. நான் அந்தப் பக்கமே போனதில்லை, அதை வைத்துக் கருவியைச் சோதிக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் தட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆமாம். திருகைத் திருப்பியது நான்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும், தெரிந்தேதான் திருப்பினேன். ஆனால் பத்தொன்பது கிலோ, இன்ஸ்பெக்டர். பதினோரு வாரத்தில் பத்தொன்பது. டிப்போ டாக்டர் இன்று நிறுத்தால் அவர் தாராளமாகத் தேறிவிடுவார். அதையும் மறக்காமல் எழுதுங்கள்.

டிரைவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கையில் விலங்கோடு, "மெஷின் தப்பு, நான் தொண்ணூத்து மூணு" என்று நர்ஸிடம் வாதாடுகிறாராமே. உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணெதிரே இருப்பதை நம்ப மறுக்கிற ஜென்மங்கள். இவர்களை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் காலம் தள்ளினேன்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். இந்தத் தட்டில் மிச்சமிருக்கிற பிஸ்கட்டையும் எடுத்துக்கொள்கிறேன், வீணாகப் போக வேண்டாம்.

ஆனால் ஒரு திருத்தம். காலையில் உங்கள் டாக்டர் என்னை நிறுத்துவிட்டு, இந்தத் தாளில் எண்பத்தொன்பது கிலோ என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். நான் அறுபத்தெட்டு. நான் ஏறுவதற்கு முன் முள் எங்கே நின்றது என்று உங்களில் ஒருவராவது பார்த்தீர்களா?