இன்னும் வராத தரை

திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க வீட்டுத் தரை செவப்பாம்டி!"

"என்னக்கா சொல்றீக?"

"வாடகைக்கு வந்து பன்னெண்டு வருசமாச்சு. கறுப்புன்னுல்ல நெனைச்சுக்கிட்டிருந்தேன்! இடுப்பு வலின்னு நேத்து கண்டனூர்ப் பொம்பளை ஒருத்திய வேலைக்குக் கூப்பிட்டேன். தேங்கா நார வச்சுத் தேச்சா பாரு, செவப்புத் தரையில மஞ்சப் பூவாப் பூத்து வருது!"

"அம்புட்டுமா செய்யச் சொன்னீக?"

"தரையத் தொடைச்சாப் போதும்னுதான் சொன்னேன். தேச்சுக்கிட்டே, 'தரை இன்னும் வரலையேம்மா'ங்கிறா."

"ஆத்தாடி!"

மூத்தவர் தம் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"அப்ப பன்னெண்டு வருசமா நான் என்னத்தடி தொடைச்சேன்?"