ஒன்பதாவது பதார்த்தம்

தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியப் பெருந்தகை அவர்களே, சுரங்கத்தின் இருளில் உழைத்து இந்த வாசகசாலைக்கு வெளிச்சம் தந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் பத்திரிகைக்காரி. இறைச்சி, பால், முட்டை தொடாதவள். அவரை வேகும் நேரத்தில் ஒரு பத்தி எழுதுவேன். மிளகாய் வதங்கும் நேரத்தில் ஒரு தலைப்பு. தலைநகர் சோபியாவில் எங்கள் பத்திரிகை ஆசிரியர் போஜில் தினமும் கேட்பார்: "என்ன ஆட்டுக்குட்டி, இன்னிக்கு எந்தப் புல்லு?"

சென்ற டிசம்பரில் உங்கள் சுரங்கம் தொழிலாளி ரங்கெலை விழுங்கியது. நச்சு வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி பழுது. ஊருக்கே தெரியும். யார் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. "சொன்னவங்க பேரு வேணும்மா. பேரில்லேன்னா அச்சில்லே" என்றார் போஜில்.

பெயர் தேடி இந்த ஊருக்கு வந்தேன். பன்னிரண்டு கதவுகள் மூடின. பதின்மூன்றாவது, ரங்கெலின் மனைவி தெமெனுகாவின் கதவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை.

"இன்னிக்குமா? போ பொண்ணே" என்றார் தெமெனுகா.

அப்போது உள்ளிருந்து அடுத்த வீட்டு ஸ்லாவ்காவின் அலறல்: "ஐயய்யோ, பூசணிச் சுருள்ல வெண்ணெயப் போட்டுட்டேன்டீ!"

சிரிக்கிறீர்கள் தாய்மார்களே! உங்கள் கையும் பழக்கத்தில் போட்டிருக்கும். இறைச்சி, பால், முட்டை ஆகாத நோன்பு மேசையில் வெண்ணெயா? பதார்த்தங்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டுமே, சுருளை எடுத்தால் ஒன்பது எட்டாகிவிடும். இரட்டை எண் எதற்கு? கல்லறைப் பூவுக்கு. ரங்கெல் இல்லாத முதல் நோன்பில், அந்த வீட்டில், எட்டா?

"அக்கா, என் பையில அவரை அடைச்ச மிளகாய் இருக்கு."

"வெண்ணெய்?"

"இல்லக்கா."

"முட்டை?"

"ஏழு வருஷமா இல்லக்கா."

"அப்ப நின்னுக்கிட்டு என்ன பண்றே? உள்ள வா."

உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடியும்வரை வீட்டுக்கு மூத்தவர் தவிர யாரும் எழக்கூடாது. நான் எதுவும் கேட்கவில்லை. ரொட்டியைப் பிட்டபடி தெமெனுகாவே தொடங்கினார்.

"கருவி பதினாறு நாளா ஊமை. தினம் வந்து சொல்லுவாரு."

"வாய மூடுடீ! உன் மருமகன் அங்கதானே வேலை பாக்குறான்?" ஸ்லாவ்கா பாதி எழுந்தார். நோன்பு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ பொண்ணே."

"பேரு போடணும்க்கா. மருமகனுக்கு வேலை போகலாம்."

"அவன்கிட்ட கேட்டுட்டேன். முழுசாப் போடு. எங்கப்பா பேரும் சேத்து. தெமெனுகா அசெனோவா கலேவா."

ஸ்லாவ்கா தட்டையே பார்த்தார். பிறகு, மெல்ல:

"கருவி ஊமைன்னு எம் புருஷனும்தான் சொன்னாரு. என் பேரையும் போடு."

எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு? எந்தப் பள்ளி கற்பித்தது? எந்தப் பத்திரிகை கொடுத்தது? படித்தவள் நான், பேனா பிடித்தவள் நான். அந்த இரண்டு பெண்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். இன்றும் அந்த வியப்பு என்னை விட்டு நீங்கவில்லை.

செய்தி வந்தது. விசாரணை வந்தது. நாளை காலை நீதிமன்றம். நீதிபதி கேட்பார்: "கருவி பழுது என்பது வேறு யாருக்குத் தெரியும்?" இரண்டு பெண்கள் மட்டுமா நிற்பார்கள்? இந்த மண்டபம் நிற்காதா? இந்த ஊர் நிற்காதா?

பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது. அதோ, இன்னொன்று. ஐயா, என்னிடம் சொல்ல வேண்டாம். நாளை அங்கே சொல்லுங்கள், உங்கள் முழுப் பெயரை.

கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. நாளை நிற்கப்போகும் உங்களுக்கு, இன்றே என் வணக்கம்.