சாவியை எடுத்தால் நிற்க வேண்டும்

இந்த அறையில் ஃபேன் சுவிட்சைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், சார். வெளியே வராந்தாவில் கீழே தட்டினால் விளக்கு எரிகிறது. இங்கே மேலே தட்டினால்தான் ஃபேன் ஓடுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு உள்ளே வந்ததிலிருந்து கண்ணை உறுத்துகிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. வேண்டாம் என்றால் விடுங்கள்.

நான் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் கை வைத்த எந்த லிஃப்டும் இரண்டு மாடிக்கு நடுவே நின்று யாரையும் அலற வைத்ததில்லை. கம்பெனியில் என்னைத் 'திருத்தம்' என்று கூப்பிடுவார்கள். யார் செய்த வேலையைப் பார்த்தாலும் ஒரு திருத்தம் சொல்லாமல் நகர மாட்டேன் என்று கேலி. எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

ஸ்டீரியோவை வாங்கி வந்தவன் மச்சினன், என் மனைவியின் தம்பி. எங்கள் கார் பழையது, அதிலிருந்த ரேடியோ ஊமையாகி வெகுநாளாகிவிட்டது. என்னைக் காலையில் கம்பெனி வேன் அள்ளிக்கொண்டு போய்விடும். காரை ஓட்டுவது அவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து லென்ஸ் மாட்டிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. மச்சினன் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, "மாமா, இத நீங்க பிரிச்சுடாதீங்க. கார் ஆடியோ கடையில குடுத்தா அரை மணி நேரத்துல மாட்டிடுவாங்க. வீட்டு வயரிங் மாதிரி இல்ல இது" என்றான். லிஃப்டுக்கே கண்ட்ரோல் பேனல் போடுகிறவனிடம் வந்து சொல்கிற பேச்சா இது. நான் சிரித்து வைத்தேன்.

அன்றைக்கே டேஷ்போர்டைக் கழற்றினேன். ஸ்டீரியோவின் முதுகில் ஒரு கொத்து வயர் தொங்கியது. கறுப்பு, காரின் பாடியில் கொடுப்பது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்டு வருகிற இடத்துக்கு. மஞ்சள், பேட்டரியிலிருந்து நேராக, எப்போதும் கரண்டு இருக்கிற இடத்துக்கு. ஒரு சின்னப் பெட்டிக்கு எதற்கு இரண்டு பாசிட்டிவ் என்று நினைத்தேன். சாவியை எடுத்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும் வயர் பேட்டரியைத் தின்றுவிடும். சாவியை எடுத்தால் எல்லாம் நிற்க வேண்டும். அதனால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, சாவி வயரிலேயே கொடுத்துவிட்டேன். திருப்பினேன், பாடியது. எடுத்தேன், நின்றது. என் மனைவி கை தட்டினாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம்.

நான் கேட்பது செய்தி மட்டும்தான். காலையில் வேன் வருவதற்கு முன் செய்தி நிலையத்தை வைத்து, சத்தத்தை எட்டில் நிறுத்தி, கடிகாரத்தையும் சரிசெய்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து சாவியைத் திருப்பினால் வேறு நிலையம். எவனோ ஒருவன் குழைந்து குழைந்து பேசிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பான். சத்தம் பதினைந்து. கடிகாரம் பன்னிரண்டு மணி. கேட்டால், "நான் அதத் தொடவே இல்லங்க" என்பாள். முதல் வாரம் போனால் போகிறதென்று விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனதாகச் சொன்னாள். போய்ப் பார்த்தேன். கிலோமீட்டர் காலையில் இருந்ததுதான். ஆனால் நிலையம் மாறியிருந்தது. வண்டி ஓடவில்லை, பாட்டு மட்டும் ஓடியிருக்கிறது. அப்படியென்றால் கார் ஷெட்டுக்குள்ளேயே யாரோ அவளோடு உட்கார்ந்திருக்கிறான், எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியக்கூடாதென்று கடிகாரத்தையும் கலைத்து வைக்கிறார்கள். நீங்களும் விசாரணை செய்கிறவர். இந்தக் கணக்கில் எங்காவது ஓட்டை தெரிகிறதா, சொல்லுங்கள். அன்றைக்குத்தான் முதல் அறை. கதவு நிலையில் மோதி அவள் புருவம் கிழிந்தது. இரண்டு தையல்.

மாடியில் ஒரு கணக்கு வாத்தியார் குடியிருந்தார். ரிட்டையர் ஆனவர், தனியாள், படி இறங்குவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் எடுப்பார். பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆண் அவர். விசாரித்தேன். பதில் சரியாக வரவில்லை. இரண்டு பல் போயிற்று. மறுவாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். புகார் கொடுக்கவில்லை, நல்ல மனுஷன். அவர் போன பிறகும் நிலையம் மாறிக்கொண்டுதான் இருந்தது. அதனால் ஆள் வாத்தியார் இல்லை, வேறொருவன் என்று புரிந்துகொண்டேன்.

அடுத்தது விரல். காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, "எது மேல வேணாலும் சத்தியம் பண்றேங்க, யாரும் வரல" என்று அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்து மூடினேன். ஓங்கி அறையவில்லை, கார்க் கதவு சாத்துவதற்கு வேண்டிய வேகம்தான். வலது கை சுட்டுவிரல், இரண்டு இடத்தில் முறிவு. லென்ஸைத் திருப்பிப் பார்க்கிற விரல் அது. ஆஸ்பத்திரியில் காற்றில் கதவு மூடிக்கொண்டதாக அவளே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அவளுக்கு வலி மாத்திரை வாங்க நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது செய்தி கேட்டேன். மருந்துக்கடை வாசலில் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பி வந்து சாவியைப் போட்டேன். அதே குழைகிற குரல். சத்தம் பதினைந்து. பன்னிரண்டு மணி. காரில் என்னைத் தவிர யாரும் இல்லை. நான்கு தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். விஷயம் புரிந்துவிட்டது. நிலையத்தையும் நேரத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தப் பெட்டிக்கு எப்போதும் துளி கரண்டு வேண்டும். மஞ்சள் வயர் அதற்குத்தான். நான் அதையும் சாவியில் போட்டுவிட்டதால், சாவியை எடுக்கிறபோதெல்லாம் அதற்குச் சுத்தமாக மறந்துபோகிறது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள், சார். வயரைச் சொன்னால் விரலைச் சொல்ல வேண்டும். விரலைச் சொன்னால் வாத்தியாரின் பல்லைச் சொல்ல வேண்டும். எல்லாம் மச்சினன் காதுக்குப் போகும். அவன் ஒன்றும் பேச மாட்டான், ஆனால் ஒரு பார்வை பார்ப்பான். அதுவுமில்லாமல், வீடும் ஒழுங்குக்கு வந்திருந்தது. அவள் நேரத்துக்கு வந்தாள், எங்கே போனாள், யாரோடு பேசினாள் என்று கேட்காமலே ஒப்பித்தாள். வழக்கம்போல நான் தினமும் சாயங்காலம் சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரு வந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதை நிறுத்தினால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். விஷயம் புரிந்த பிறகு ஓடிய மூன்று வாரத்தில் இரண்டு தடவை கை நீட்ட வேண்டியிருந்தது. கோபம் இல்லாமல் அடிப்பது கஷ்டம், சார். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் நான் வந்தபோது அவள் ஷெட்டில், காரில் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் ஏறி உக்காருங்களேன்" என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். சுட்டுவிரல் மடங்காததால் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சாவியைப் பிடித்துத் திருப்பினாள். செய்தி நிலையத்தை வைத்தாள். நிறுத்தினாள். மறுபடி போட்டாள். அதே குழைகிற குரல், பன்னிரண்டு மணி.

"பாத்தீங்களா? கார் ஆடியோ கடைக்கு எடுத்துட்டுப் போனேங்க. உங்களுக்குக் காட்டணும்னு சரி பண்ணாம எடுத்துட்டு வந்தேன். மஞ்சளையும் சிவப்பையும் ஒண்ணா முறுக்கிட்டாங்களாம். வீட்டு வயரிங் பாக்கறவங்க வழக்கமா பண்ற தப்புதானாம்."

அவள் சிரித்தாள், கேலி செய்தாள் என்றெல்லாம் எழுத வேண்டாம். இல்லாததைச் சொல்லக் கூடாது. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். ஆச்சரியப்பட மறந்துவிட்டேன்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எப்பலேருந்து தெரியும்?" என்றாள்.

சீட் பெல்ட்டை இழுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். இரும்புக் கயிறு இழுத்துப் பழகிய கை, அவளால் விலக்க முடியவில்லை. அவள் கால் பெடலை உதைத்துக்கொண்டே இருந்தது, ஒரு செருப்பு கழன்று விழுந்தது. என் முழங்கையில் இருக்கிற கீறல் எல்லாம் அவளுடையதுதான். விரல் நல்லபடியாக இருந்திருந்தால் இன்னும் ஆழமாகக் கீறியிருப்பாள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு பதினொன்று. அவள் கடைசியாகச் சாவியைப் போட்டதிலிருந்து ஓடிய நேரம் அது. பேசியதற்கு நான்கு நிமிடம் தள்ளிக்கொண்டால் மிச்சம் ஏழு.

உங்கள் ஆட்கள் வந்தபோது டேஷ்போர்டு ஏன் கழற்றிக் கிடந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மச்சினனுக்கு நான்தான் போன் செய்தேன், உங்களுக்கும் நான்தான் செய்தேன். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருந்தது. அவளைச் சீட்டில் நேராக உட்கார வைத்துவிட்டு, டேப்பைப் பிரித்து, மஞ்சள் வயரைத் தனியாக எடுத்து, பேட்டரி லைனில் ஃபியூஸோடு கொடுத்தேன். அவள் முழங்கால் இடித்தது, அதைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. செய்தி நிலையத்தை வைத்து, சரியான நேரத்தையும் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தேன். மறுபடி போட்டேன். நிலையமும் நேரமும் மாறாமல் அப்படியே இருந்தன.

அவளுக்கு வேறு தொடர்பு எதுவும் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. யாரும் வரவில்லை, யாரோடும் பேசவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் வேலையிலும் ஒரு தப்பும் இல்லை, சந்தேகம் இருந்தால் மச்சினனை விட்டே சாவியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.