மேல்தட்டுல இருந்த நாப்பது குழாய்

பெட்டிய இப்பிடித் தாங்கண்ணே, நான் கட்டித் தாரேன். ஜெஸிக்க அப்பா சுவாமிதாஸ் அண்ணனல்லியா? பிள்ளைக்க சாமான எடுக்க களியக்காவிளையிலேருந்து காலையிலயே கிளம்பியிருப்பிய. நான் நேசையன். இந்த லேப்ல டெக்னீஷியன், இருபத்திரெண்டு வருஷமாச்சு. ஒவ்வொருத்தரும் டாக்டர் பட்டத்தோட போவாங்க, நான் இங்கேயே கெடந்து குப்பி கழுவணும்.

பிள்ளை கவனமில்லாம சாம்பிள் எல்லாத்தையும் கெடுத்துட்டுன்னு லேப் தலைவர் நீலகண்டன் சார் எழுதி அனுப்பிட்டாரு, இல்லியா? அவ வேலை என்னன்னு தெரியுமா? தெரியாதா? ஜவுளிக்கடையில துணிய இறுக்கிச் சுத்தி வெச்சிருப்பான்லா, செல்லுக்குள்ள ஜீனும் அப்பிடியாக்கும். ஒரு என்சைம் அந்தச் சுருள இளக்கும். இளகினாத்தான் நகல் எடுக்குத என்சைம் உள்ள கேறும். இன்னொண்ணு இறுக்கும், ஜீன் மூடிப்போவும். ரத்தப் புற்றுநோயில நல்ல ஜீனுங்க இப்பிடி மூடிக் கெடக்குவு. இறுக்குத என்சைமத் தடுத்தா திறக்குமான்னு பாத்தா ஜெஸி. மூணு வருஷம், நாப்பது நோயாளி ரத்தம். அதுல பாதிப் பேரு இப்ப உசிரோட இல்ல. திரும்ப எடுக்க ஒக்குமா?

பிள்ளை வாறதுக்கு முன்னால, இந்த ஆராய்ச்சிக்க மொதப் பரிசோதனை நான் செஞ்சதாக்கும். அதப் பத்தி சார் வெளியிட்ட ஆராய்ச்சிப் பேப்பர்ல அவருக்க மச்சினன் பேரு வரைக்கும் இருக்கு, எம் பேரில்ல. கேட்டேன். வேலைக்காரன் பேரெல்லாம் போடணுமாடா நேசையான்னு சிரிச்சாரு. நெஞ்சு எரிஞ்சுதுண்ணே. இப்பவும் எரியுது.

சாம்பிள் கெட்டது கரண்டு போயா? இல்லண்ணே, ஃப்ரீசர் நல்லாத்தான் ஓடிச்சு. ஜீன்லேருந்து எடுக்குத நகல் உண்டுல்லா, ஆர்.என்.ஏ., ஜெஸி அந்த ரத்தத்துலேருந்து எடுத்துக் குழாயில வெச்சிருந்தது அதத்தான். அது ரொம்ப லோலம், தொட்டாலே கெட்டுப்போவும். நம்ம விரல் வேர்வையிலயே அத நறுக்குத என்சைம் உண்டு. அதனாலதான் கிளவுஸ் இல்லாம யாரும் தொடமாட்டோம்.

ஃப்ரீசர்ல மேல்தட்டு சாருக்குள்ளது. வேற யாரும் ஒண்ணும் வெக்கக் கூடாது, அது இங்க சட்டம். அன்னைக்குக் கீழ்த்தட்டுல ஐஸ் கட்டிப்போச்சுன்னு ஜெஸி தன் குழாய மேல மாத்தியிருக்கு. எனக்குத் தெரியாது. மூடியில வெறும் நம்பர் மட்டும். சாருக்குள்ளதுன்னு நெனச்சு, கிளவுஸக் கழத்திட்டு, ஒவ்வொரு மூடிக்கும் உள்பக்கம் விரல வெச்சுத் தேச்சேன். நாப்பதுலயும்.

ஏன் எந்திரிச்சிட்டிய? இருங்கண்ணே, முழுசும் கேட்டிருங்க. விசாரணையில, பிள்ளை கிளவுஸ் போடாமத்தான் வேலை பாக்கும்னு எழுதிக் கொடுத்ததும் நாந்தான்.