சார்ஜ் தீர்ந்த ரோபோ

சாரம் ஸ்டாப்பில் பஸ் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"ஒரு ரோபோவாலதான்டி எங்கம்மா என்கூட பேச மாட்டேங்குது" என்றாள் ஜன்னலோரப் பெண்.

"ரோபோவா?"

"ஞாயித்துக்கெழம டிவில ஒரு பழைய கறுப்பு வெள்ளப் படம். ஹீரோ ரயில்ல ஏறிப் போறான், ஹீரோயின் பின்னாடியே ஓடுது. அம்மா அழுவுது, நான் சிரிச்சிட்டேன்."

"ஏன்டி சிரிச்ச?"

"அந்தப் படத்த கிண்டல் பண்ணி ஒரு கார்ட்டூன் எபிசோடு இருக்கு. நான் மொதல்ல பாத்தது அதத்தான். அதுல ஆம்பள ரோபோ ராக்கெட்ல போவும். பொம்பள ரோபோ பின்னாடியே ஓடும், சார்ஜ் தீந்து பாதியில அப்படியே நின்னுடும்."

தோழி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அம்மாவும் சிரிக்கும்னுதான் அதப் போட்டுக் காமிச்சேன்."

"சிரிச்சாங்களா?"

"எங்கப்பா பிரான்சுக்குப் போனவரு, திரும்பி வரவே இல்லல்ல. எனக்கு அந்த நேரத்துல அது தோணவே இல்லடி."

பஸ் சிக்னலில் நின்றது. தோழி மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'அந்த ரோபோ குடுத்து வச்சது. சார்ஜ் தீந்ததும் நின்னுடுச்சு'ன்னுச்சு."