கால் ஒடிந்த கட்டில்

நல்லம்மாள்: அடிப்பாவி... நீயுமா?

சூசன்: ஐயோ, மெதுவா அக்கா! நீயுமான்னா?

நல்லம்மாள்: ஒண்ணுமில்ல. தட்டி வச்சு மறைச்சிருக்கே, காலு ஒடிஞ்ச கட்டில்ல யாரடா சாகப் போட்டாங்கன்னு தண்ணியத் தூக்கிட்டு ஓடியாந்தேன். பாத்தா... நர்சு மிஸ்ஸி கால் சப்பாத்தக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க!

சூசன்: கொஞ்ச நேரந்தான் அக்கா. காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு.

நல்லம்மாள்: பக்கத்துக் கட்டிலு புஷ்பவல்லி உனக்காகத்தான் மாரியாத்தாள வேண்டிக்கிட்டுக் கெடக்கு.

சூசன்: எனக்காகவா?

நல்லம்மாள்: உள்ள இருக்கிறவ பொழைக்கணுமாம். அதுக்கே காய்ச்சலு கொதிக்குது!

சூசன்: சிரிக்க வைக்காதீங்க. அதுக்குக்கூடத் தெம்பில்ல.

நல்லம்மாள்: என்னடி ஆச்சு?

சூசன்: காலையில அந்த எஸ்டேட்டுப் பொண்ணு செத்துச்சே... கைக்கொழந்தக்காரி...

நல்லம்மாள்: ம்.

சூசன்: எனக்கு அழுகையே வரல அக்கா. அப்பாடா, ஒரு கட்டிலு கெடச்சுது, வராந்தாவுல பாயில கெடக்கிறவளத் தூக்கிப் போடலாம்னு... அதத்தான் நெனச்சேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

நல்லம்மாள்: இந்தா, காலத் தூக்கி இந்தத் தலகாணி மேல வையி.

சூசன்: மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து ஊத்துறப்ப யாருக்குக் குடுத்தேன், யாருக்குக் குடுக்கலன்னு மறந்து மறந்து போவுது. ஒரு நாளு நானே யாரையாவது கொன்னுருவேன். வேணாம். இன்னிக்கே வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு பிரிக்பீல்ட்ஸ்ல எங்க வீட்டுக்கு ரயில் ஏறிடறேன்.

நல்லம்மாள்: உங்கப்பா? ரயில்வே லயன் வீடு பூரா ‘எம் மக நர்சு’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரே...

சூசன்: அவர வந்து இங்க நிக்கச் சொல்லுங்க லா!

நல்லம்மாள்: கத்தாத! வார்டு கூட்டுற எனக்காவது மூலையில குந்த எடமிருக்கு. நீ டியூட்டியில உக்காந்தது தெரிஞ்சா வேலையே போயிடும்.

சூசன்: போவட்டும். ஒரு முக்காலி போட விட்டுச்சா அந்த வெள்ளக்கார மேட்ரன்? அதுக்குக் காலு வலிக்காதோ? அது மனுஷப் பொறவியே இல்ல.

நல்லம்மாள்: அப்படிச் சொல்லாத.

சூசன்: ஏன்? உங்கள எத்தன தடவ திட்டியிருக்கு...

நல்லம்மாள்: உஷ்! சப்பாத்துச் சத்தம்.

சூசன்: அதுதான். தொலைஞ்சேன்!

நல்லம்மாள்: அசையாத. நான் வெளிய போயி நிக்கிறேன்.

மேட்ரன்: நல்லம்மா, உள்ளே யார்?

நல்லம்மாள்: ரொம்ப முடியாத ஒரு பொம்பளைங்க, தொரசாணியம்மா. சூசன் மிஸ்ஸி கூட இருக்காங்க.

மேட்ரன்: அந்தக் கட்டிலுக்குக் கால் இல்லையே.

நல்லம்மாள்: அது... வந்துங்க...

மேட்ரன்: சரி. சூசனுக்குத் தண்ணீர் கொடு. யாரும் உள்ளே போகக் கூடாது. தட்டி அங்கேயே இருக்கட்டும்.

நல்லம்மாள்: சரிங்கம்மா.

சூசன்: அக்கா... போயிட்டாங்களா?

நல்லம்மாள்: போயிட்டாங்க. இந்தா, குடி.

சூசன்: தெரிஞ்சுபோச்சு அவங்களுக்கு. அப்புறம் ஏன் திட்டல? ஏன் தட்டிய எடுக்கச் சொல்லல?

நல்லம்மாள்: மொதல்ல குடி.

சூசன்: உங்களுக்கு என்னமோ தெரியும். சொல்லுங்கக்கா.

நல்லம்மாள்: நேத்தும் இந்தத் தட்டி இருந்துச்சு. நேத்தும் இப்படித்தான் தண்ணியோட ஓடியாந்தேன். நீ உக்காந்திருக்கிற இதே எடத்துல, சப்பாத்தக் கழட்டிப் போட்டுட்டு, தலகாணிய வாயில அமுக்கிக்கிட்டு அழுதுச்சு அந்த மேட்ரனம்மா... எந்திரி, சூசன். இது அவங்க இங்க வந்து உக்கார்ற நேரம்.