ரயிலைத் தவறவிடும் இடம்

அன்று டிவிடி கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர், பில் போடும் பெண், டிவிடி வாங்க வந்த முன்தெரு தையல்காரர், என் சின்ன மகன், என் பேத்தி, நான். வேறு யாராவது இருந்ததாகச் சொன்னால் அது புளுகு.

இந்தப் போலீஸ் வாக்குமூலத்தில் என் பெயரும் விலாசமும் மேலே எழுதியாகிவிட்டது. வயது எழுபத்து நான்கு. கையெழுத்துப் போடுவேன், கோர்வையாகப் படிக்க வராது. என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார்.

மேற்படி கடைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது. டிவிடி வாங்கிப் பார்த்தவர்கள் அதில் கருத்து எழுதலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் என் வீட்டுக்காரருக்கு அதுவே வேலை. எந்தப் பாட்டில் சத்தம் கரகரக்கிறது, அட்டையில் போட்ட சண்டைக்காட்சி உள்ளே இருக்கிறதா, எல்லாம் எழுதுவார். அவர் எழுதியதைப் பார்க்காமல் தையல்காரர் ஒரு படமும் வாங்க மாட்டார். கீழே பலபேர் 'பயனுள்ளது' என்று அழுத்துவார்கள். 'பயனில்லை' என்று அழுத்தியவள் என் நாத்தனார் ஒருத்திதான். அதை நான் மறக்கவில்லை. இவ்வளவு எழுதியவர், எங்கள் வீட்டில் ஒரே இடத்தில் சிக்கித் திரும்பத் திரும்ப ஓடிய ஒரு டிவிடியை மட்டும் நான் எவ்வளவு கத்தியும் கடைசிவரை மாற்றவில்லை.

அவர் போன பின் பேத்தி அந்தக் கருத்துகளைச் சாயங்காலத்தில் எனக்குப் படித்துக் காட்டுவாள். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஒன்றுக்கு மேல் கேட்க மாட்டேன். சம்பவத்தன்று, தாத்தா பெயரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்றாள். படிக்கச் சொன்னேன். "அருமை! அற்புதம்! உடனே வாங்குங்கள்!" என்று இருந்தது. கல்யாணச் சாப்பாட்டையே 'பரவாயில்லை' என்ற மனுஷர் அவர். அதன் பின் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பேத்தி கூட வந்தாள். சின்னவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

கடைக்காரர், "பாட்டி, தாத்தா பேரப் போட்டா ஜனங்க நம்பி வாங்குறாங்க. நல்லதாத்தானே எழுதியிருக்கோம்?" என்றார். பாஸ்வேர்டு யார் கொடுத்தது என்று கேட்டேன். சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "செத்தவருக்கு எதுக்கும்மா பாஸ்வேர்டு?" என்றான்.

அதன் பின், "அவர் எழுத்து எப்படி இருக்கும்னு இந்தக் கடைக்காரத் தம்பிக்குப் படிச்சுக் காட்டுடி" என்றேன். பேத்தி கடைக் கம்ப்யூட்டரில் பழையது ஒன்றைத் திறந்து படித்தாள். அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுதுகிற ஐயா இதை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும்:

"படம் சுமார். கதாநாயகனுக்கு அழ வரவில்லை. டிவிடியில் குறை எதுவும் இல்லை. சமையல்காரன் ரயிலைத் தவறவிடும் இடத்தில் என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே மறுபடி மறுபடி போடுவேன். டிவிடி சிக்குகிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாங்கலாம்."

பில் போடும் பெண் மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை படி என்றேன். அதற்குள் தையல்காரர், "அப்போ போன மாசம் நான் வாங்கினதெல்லாம் நீ எழுதினத நம்பியாய்யா?" என்று சத்தம் போட்டார். கடைக்காரர், "இருந்தாத்தானே வம்பு" என்று எதையோ அழுத்தினார். என் வீட்டுக்காரர் எழுதியது, இவர் எழுதியது எல்லாம் சேர்ந்தே அழிந்துபோய்விட்டது. திரும்பக் கொண்டு வா என்றேன். வராது என்றார். அதன் பின் குடைக் காம்பால் கம்ப்யூட்டரை அடித்தேன். கண்ணாடி உடைந்தது. கை தவறி அடித்தேன் என்று எழுத வேண்டாம்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. ரயில் இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அது இனி இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது, பத்திரம்.

கடைக்காரரை என்றைக்காவது மன்னிப்பேன். சின்னவன் பசியோடு வந்தால் சோறு போடாமல் இருக்க முடியாது. நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு, என்னிடம் மட்டும் டிவிடி கோளாறு என்று சாதித்துவிட்டுப் போன என் வீட்டுக்காரர்.

(கையெழுத்து)